பாயம்மா வீட்டுத் தார்ப்பாதை

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலைத் தாண்டி உள்ளே போகும் தெரு ஒன்றுக்கு அந்தச் சித்திரையில் தார் போட்டுக்கொண்டிருந்தோம். கத்திரி பிறக்க இன்னும் நாலு நாள் இருந்தது. வெயில் அதுவரை பொறுக்கவில்லை. மேலே ஒரு அடுப்பு, கீழே ஒரு அடுப்பு, நடுவில் நாம் வறுபடுகிற வேர்க்கடலை என்பாள் தனம். அவள் எங்கள் கேங்கில் பாண்டு என்கிற இரும்புச் சட்டி தூக்குகிறவள். மேஸ்திரி குப்புராஜ். நான் ரேக் பிடிக்கிறவன். டிப்பர் கொட்டுகிற சூடான ஜல்லித்தாரை இழுத்துச் சமமாக்கிவிட்டால் ரோலர் பின்னால் வந்து அழுத்தும்.

அந்தச் சூடான கலவையை நாங்கள் மால் என்போம். புகை விடும்வரைக்கும் மாலுக்கு உயிர் உண்டு. புகை நின்று, பளபளப்பு போய், ரேக்குக்கு வராமல் கட்டி கட்டியாக நின்றால் மால் செத்துப்போச்சு என்போம். செத்த மாலை ஓரமாகக் கொட்டிவிட வேண்டும். அதுதான் முறை.

தெருவின் கோடியில் செல்லம்மா என்கிற அம்மாவின் வீடு. அந்த வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி உள்ளே ஒரு பாதை போகிறது. ஆறடி அகலம், அறுபதடி நீளம். அதன் முடிவில்தான் அயூப் பாய் வீடு. முன்மனை கட்டுப்படியாகாமல் பின்மனை வாங்கியவர்கள். பாதை முழுக்கக் கட்டட இடிசலும் மண்ணும் குழியும்.

அயூப் பாய் தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆட்டோவைத் தெருவில் நிறுத்திவிட்டு இரண்டு நாளாக எங்கள் வேலையையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் மேஸ்திரியிடம் வந்தார்.

"மேஸ்திரி, மிச்சம் மீதி எதுனா விழுமா?"

"இன்னா மிச்சம் பாய்?"

"இந்த மாலுதான். நம்ம பாதைக்கு ஒரு கை போட்டுட்டீங்கன்னா புண்ணியமா போவும். வண்டி தள்ள முடியல."

"இன்னா வண்டி? பைக்கா?"

அயூப் பாய் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "இல்லப்பா. என் சம்சாரம்."

தனம் சிரித்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியிலேயே விழுங்கிக்கொண்டாள்.

அவர் சம்சாரம் நூர் பீவி. எட்டு மாசத்துக்கு முன்புவரை துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு செம்பாக்கம், மாடம்பாக்கம், சேலையூர் என்று வீடு வீடாக நடந்து நைட்டியும் புடவையும் விற்றவள். ஒரு நாள் மகன் வாஜித்தின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, புதிதாகப் போட்டு வெள்ளை அடிக்காமல் விட்டிருந்த வேகத்தடையில் வண்டி எகிறியது. வாஜித்துக்கு முழங்கை சிராய்ப்பு. அவளுக்கு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. அந்த வேகத்தடையை எந்த கேங்கு போட்டதோ தெரியாது. தார் என்றாலே எல்லாம் நாங்கள் போட்டதுபோலத்தான் எனக்கு இருக்கும்.

வாஜித் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டர். அம்மாவுக்கு அவனே ஒரு சக்கர நாற்காலி செய்திருந்தான். விற்கிற நாற்காலியெல்லாம் தகரம், ஒரு வருஷம் தாங்காது என்று கனமான இரும்புக் குழாயில் அடித்திருந்தான். பின்னால் இரண்டு பெரிய சக்கரம், முன்னால் இரண்டு சின்னது, எல்லாவற்றுக்கும் கெட்டி ரப்பர். நாற்காலி தேர் மாதிரி இருந்தது. கனமும் தேர் கனம்தான்.

மேஸ்திரி ஒப்புக்கொண்டார். சாயங்காலம் கடைசி டிப்பரில் மிஞ்சுவது பாய் வீட்டுக்கு என்று பேச்சு.

அன்று கடைசி டிப்பர் வரவே நாலரை ஆகிவிட்டது. தெருவுக்குப் போட்டது போக நல்ல மிச்சம் இருந்தது. ஆனால் டிப்பர் பாதைக்குள் நுழையாது. பாண்டு பாண்டாக அறுபதடி தூக்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து தொடங்கித் தெருவைப் பார்த்துப் போட்டுக்கொண்டு வந்தோம். தனமும் இன்னும் இரண்டு பெண்களும் ஓட்டமும் நடையுமாகத் தூக்கினார்கள். சும்மாட்டுத் துணியிலிருந்து புகை வந்தது.

நூர் பீவி நாற்காலியை வாசற்படிவரை உருட்டி வந்து உட்கார்ந்திருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தபடியே இருந்தாள். மடியில் ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய நன்னாரி சர்பத். ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு ஊற்றிக் கொடுத்தாள்.

"குடிம்மா. வேர்வய பாரு, குளிச்சா மாதிரி."

"எங்களுக்கு இதான் குளியல் பாயம்மா," என்றாள் தனம். "இன்னா ஒண்ணு, சோப்பு கெடையாது."

"எத்தினி நாள்ல ஆறும் இது?"

"மூணு நாளு. ஆபேலண்ணன கேளு, அதுதான் எங்க இஞ்சினியரு."

"மூணு நாள் ஏறாம இருங்க பாயம்மா," என்றேன். "நாலாம் நாள் தேர் ஓட்டலாம்."

அவள் சிரித்தாள். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. அதுவும் அந்த வேகத்தடையில்தான் இருக்கும். தனத்தைப் பக்கத்தில் இழுத்துக் குரலைத் தாழ்த்தினாள். நான் இரண்டடி தள்ளித்தான் ரேக் இழுத்துக்கொண்டிருந்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு மாசம் ரெண்டு தபா போவணும்மா. இந்தக் குழில சேரு போவாது. பாய் ஒரு பக்கம், புள்ள ஒரு பக்கம் புடிச்சாலும் தூக்க முடியாது. தெருவுல போற எவனயாச்சும் கூப்புடுவாரு, தம்பி ஒரு கை குடுன்னு. அவன் எவனோ. எங்க கை வக்கிறதுன்னு அவனுக்கும் தெரியாது. பாவம், மூஞ்ச அந்தாண்ட திருப்பிகினு தூக்குவான்."

"உதவிதான பாயம்மா."

"இல்லங்கல. ஆனா எங்கள்ல பொம்பளைய நாலு பேரு தூக்குறது ஒரு தபாதான். சந்தூக்குல. அது எப்டியும் வரும். அதுக்குத் தெனம் ஒத்திக பாக்கணுமா? ரெண்டு மாசமா ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன்னுட்டேன். இது ஆறட்டும். நானே உருட்டிகினு ரோட்டுக்குப் போறேன். ஆட்டோல பாய் மட்டும் ஏத்தி வுட்டா போதும்."

சந்தூக் என்றால் இறந்தவர்களைத் தூக்கிப் போகிற பெட்டி என்று தனத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். குனிந்து ரேக்கைப் பார்த்துக்கொண்டேன்.

பாதி தூரம் வந்தபோது ரேக் கனத்தது. இழுத்தால் வரவில்லை. தனம் கொட்டிய பாண்டில் புகையில்லை. மால் கட்டியாக விழுந்து அப்படியே நின்றது.

"மேஸ்திரி, மால் செத்துடுச்சு."

குப்புராஜ் வந்து செருப்புக் காலால் எத்திப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். இன்னும் முப்பதடி கிடந்தது.

"டீசல் காட்டு."

"மேஸ்திரி..."

"காட்டுடா. பாதி போட்டுட்டு வுட்டா பாய் மூஞ்சில முழிக்க முடியுமா? இன்னா, லாரியா போவப்போது இதுல? ஒரு பொம்பள உருட்டிகினு போற சேரு."

டீசல் ஊற்றினால் செத்த மால் எழுந்துகொள்ளும். கறுப்பு திரும்ப வரும், ரேக்குக்கு வரும், பார்ப்பதற்கு உயிருள்ள மாலைவிட அழகாக இருக்கும். ஆனால் அது உயிரில்லை. டீசல் உள்ளே இருக்கிறவரை தார் இறுகாது. இது எங்கள் கேங்கில் எல்லாருக்கும் தெரியும். ரோலர் துடைக்க வைத்திருந்த கேனை எடுத்து முதலில் கொஞ்சம் ஊற்றினேன். போதவில்லை. பிறகு கேனைச் சாய்த்தே ஊற்றினேன்.

"டீசல் நெடி வருதே, ஏன்பா?" என்று வாசலிலிருந்து நூர் பீவி கேட்டாள்.

"ரோலரு தொடைக்க பாயம்மா. தார் ஒட்டாம இருக்கணும்ல."

அவள் நம்பினாள். ஆறரை மணிக்குப் பாதை தெருவைத் தொட்டது. கண்ணாடி மாதிரி இருந்தது. அயூப் பாய் மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவர் கொடுத்த பிரியாணிப் பொட்டலங்களை நாங்கள் தெருவோரத்தில் உட்கார்ந்து தின்றோம். எனக்கு மட்டும் கையில் அடித்த டீசல் வாசனை போகவில்லை.

மறுநாள் வாஜித் பைக்கைப் பாதையில் நிறுத்தியிருக்கிறான். ஸ்டாண்டு தாருக்குள் இறங்கி பைக் சாய்ந்து விழுந்தது. என்னிடம் வந்து காட்டினான். ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு ஓட்டை.

"இன்னாண்ணா இது, வெண்ணெ மாதிரி போவுது?"

"புதுசுதான தம்பி. ஸ்டாண்டுக்குக் கீழ பலகை வை. ஆறிடும்."

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நாலாம் நாள் காலையில் நாங்கள் அதே தெருவில் ஓரத்துக்குக் கிராவல் மண் அணைத்துக்கொண்டிருந்தோம். ஏழு மணி இருக்கும். தனம் என் விலாவில் இடித்தாள்.

"அங்க பாரு, தேரு வருது."

நூர் பீவி தனியாக வந்துகொண்டிருந்தாள். அயூப் பாய் வீட்டு வாசலிலேயே நின்றார், வரக்கூடாது என்று சொல்லியிருப்பாள் போல. இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளுவாள், நிறுத்துவாள், மூச்சு வாங்குவாள், திரும்பத் தள்ளுவாள். இளம்பச்சைப் புடவை. நாற்காலிக்கு அடியில் அதே துணியில் தைத்த ஒரு பை தொங்கியது, ஓரத்தில் லேஸ் வைத்து. அழகுக்கு வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

காலைத் தார் குளிர்ந்து கெட்டியாக இருந்தது. சக்கரம் சத்தமில்லாமல் உருண்டது. தெருவைத் தொட்டதும் அவள் நின்று, திரும்பி வீட்டைப் பார்த்தாள். அறுபதடிதான். சவுதிக்குப் போய் வந்தவள் மாதிரி பார்த்தாள்.

"இன்னா நூரு, வண்டி புதுசா? ஆர்சி புக் இருக்குதா?" என்றாள் செல்லம்மா, தன் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்தபடி.

"ஆர்சி கீது, லைசன்ஸ்தான் இல்ல. போலீசு வந்தா உன் பேரச் சொல்றேன்."

"நான் இன்னா டிராஃபிக் இன்ஸ்பெக்டரா?"

"உன் ஒடம்புக்கு நீ நின்னாலே டிராஃபிக்குதான்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தெருவில் நாலு வீட்டுக் கதவு திறந்தது. அயூப் பாய் ஆட்டோ எடுத்துக்கொண்டு தாம்பரம் கிளம்பினார். "நான் வரட்டும், உள்ள போவலாம்," என்றார். "நீங்க இன்னாத்துக்கு? வந்தவளுக்குப் போவத் தெரியாதா?" என்றாள் அவள்.

மீன்காரர் மொபெட்டில் வந்தார். எட்டு மாசமாகப் பாய் வாங்கி வந்த மீனெல்லாம் அவளுக்கு ஆகவில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்தாள், கண்ணை அழுத்திப் பார்த்தாள்.

"இது முந்தாநேத்தி மீனு. ஐசுல படுத்துகினு உன்னப் பாத்து கொட்டாவி வுடுது. அடில கீறத எடு."

"எக்கா, நீ வராம இருந்தப்போ யாவாரம் நல்லா போச்சு."

"போவும் போவும். எங்க பாயி தலையில கட்டுன சங்கராவெல்லாம் எனக்குத்தான தெரியும்."

அரைக்கிலோ நெத்திலி வாங்கினாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகும் போகவில்லை. பழைய வாடிக்கைக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். எந்தப் பிள்ளைக்குக் கல்யாணம், யார் வீடு மாறிப் போனார்கள் என்று எட்டு மாசப் பாக்கியையும் கேட்டாள். பத்தரை ஆனது. நாங்கள் அடுத்த தெருவுக்கு மண்ணை வாரிக்கொண்டு போனோம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் செல்லம்மா சொல்லித்தான் தெரியும்.

பதினொன்றுக்கு நூர் பீவி கிளம்பியிருக்கிறாள். முதல் பத்தடி இழுத்துப் பிடித்து வந்துவிட்டாள். பிறகு சக்கரம் கனத்தது. நான் கேனைச் சாய்த்து டீசல் ஊற்றிய அதே இடம். நின்று மூச்சு வாங்கியிருக்கிறாள். அதுதான் தப்பு. நின்றதும் முன்சக்கரம் இரண்டும் இறங்கிவிட்டன. பின்னால் இழுக்கப் பார்த்தாள். வரவில்லை. நின்ற இடத்திலேயே சக்கரத்தை அப்படியும் இப்படியும் திருகினாள். திருகத் திருக ஜல்லி பெயர்ந்தது, தார் உளுந்தமாவு மாதிரி சக்கரத்தைச் சுற்றிக்கொண்டது.

செல்லம்மா மாடியில் துணி உலர்த்த வந்து பார்த்திருக்கிறாள்.

"அய்யய்யோ நூரு, இன்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. மாட்டிகிச்சு. பாய்க்கு ஒரு போன் போடு, என்து உள்ள சார்ஜுல கீது."

"பாய் வர முக்கா மணி ஆவும்டி. பக்கத்து வூட்டுப் பையனக் கூப்புடறேன், ரெண்டு பேரு புடிச்சா..."

"யாரயும் கூப்புடாத. செல்லம், உன்னக் கெஞ்சிக் கேக்கறேன், யாரயும் கூப்புடாத. அவரு வரட்டும்."

செல்லம்மா குடை பிடித்திருக்கிறாள். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து சக்கரத்தைச் சுற்றி ஊற்றினாள். தண்ணீர் ஆவியாகி முகத்தில் அடித்தது. அவள் செருப்பே தாரில் ஒட்டிக்கொண்டு ஒரு கால் செருப்போடு நின்றாள். பாய்க்குக் கிழக்குத் தாம்பரத்தில் வண்டி சிக்கிக்கொண்டது. இருபது நிமிஷம், அரை மணி. மடியில் இருந்த நெத்திலி வாடை அடிக்கத் தொடங்கியது. அதைத் தூக்கி எறி என்றதற்கு, பார்த்துப் பார்த்து வாங்கினது என்று நூர் பீவி பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாளாம். பிறகு பேச்சு குழறியது. தலை தொங்கியது.

செல்லம்மா ஒற்றைச் செருப்போடு எங்களிடம் ஓடிவந்தாள். குப்புராஜ், நான், கூட இரண்டு பேர். நாலு பேரும் ஓடினோம்.

நாற்காலியோடு தூக்கப் பார்த்தோம். தார் விடவில்லை. கடப்பாரை போட்டு நெம்பினால் அவள் சாய்கிறாள்.

"ஆளத் தூக்கிடலாம்டா," என்றார் மேஸ்திரி.

அவளுக்கு நினைவு இருந்தது. உதடு வெடித்திருந்தது. "வேணாம்பா," என்றாள். "தம்பிங்களா, வேணாம்."

நாங்கள் தூக்கினோம். நான் இடுப்புப் பக்கம். மூஞ்சியை எந்தப் பக்கம் திருப்பினாலும் அங்கே ஒருத்தன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருந்தான். இரண்டடி நகர்ந்ததும் எதுவோ இழுத்தது. அவள் சின்னதாகக் கத்தினாள். நாற்காலிக்கு அடியில் இருந்த லேஸ் வைத்த பச்சைப் பை அறுந்து விழுந்தது. அதற்குள்ளே இருந்தது மூத்திரப் பை. டியூப் பிடுங்கிக்கொண்டது. எல்லாம் எங்கள் கையில், அவள் புடவையில், தாரில் கொட்டியது. தாரிலிருந்து ஆவி எழுந்தது.

அவள் அழவில்லை. முக்காட்டை முகம் முழுக்க இழுத்து மூடிக்கொண்டாள். கட்டிலில் கிடத்துகிறவரை திறக்கவில்லை. அயூப் பாய் ஓடிவந்தபோது நாங்கள் வெளியே கையைக் கழுவிக்கொண்டிருந்தோம். எங்கள் கையைப் பார்த்தார். உள்ளே போனார்.

மறுநாள் வாஜித் வேலைக்குப் போகாமல் மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தான்.

"இன்னாயா போட்ட? தாரா, களியா?"

"கைய எடு தம்பி. வெயிலுக்கு தார் எளகும். ரோடே எளகுது, போய்ப் பாரு. புதுத் தார்ல வண்டிய நிறுத்தி நின்ன எடத்துலயே திருகுனா பேந்துகினுதான் வரும். அது அம்மாவுக்குத் தெரியல."

"எங்கம்மா மேல பழி போடறியா?"

"யார் மேலயும் போடல. பவுடர் போட்டு ரோல் அடிச்சுத் தரேன். சரியாயிடும்."

கிரஷர் பவுடர் இரண்டு மூட்டை கொண்டுவந்து நான்தான் தூவினேன். கல்மாவு தாரின் ஈரத்தைக் குடிக்கும். பெயர்ந்த இடத்தைக் கொத்தி, புது மால் ஒரு பாண்டு வைத்துத் திமிசால் இடித்தேன். வாஜித் ஒரு சிமெண்டு மூட்டையை நாற்காலியில் உட்காரவைத்து, அதற்குத் துண்டு கட்டி, காலையில் ஏழு மணிக்குத் தள்ளிப் பார்த்தான். ஓடியது. ஒன்பதுக்குத் தள்ளினான், ஓடியது. பன்னிரண்டு மணிக்குச் சிமெண்டு மூட்டை அதே இடத்தில் இறங்கி நின்றது.

திரும்பப் பவுடர். திரும்பத் தண்ணீர். மூன்று நாள் இதே வேலை. காலையில் இறுகும், மத்தியானம் இளகும். ஜன்னல் வழியாக அவள் பார்க்கிறாளா என்று நானும் பார்ப்பேன். ஜன்னல் சாத்தியே இருந்தது. மூன்றாம் நாள் மேஸ்திரி பலகை போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, கேங்கை மாடம்பாக்கம் பக்கம் மாற்றிக்கொண்டார். வாஜித் போன் செய்தால் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. கடப்பாரையையும் மண்வெட்டியையும் சைக்கிளில் கட்டினேன். தனம் எங்கள் தெருவில்தான் இருக்கிறாள்.

"எங்கண்ணா? பாய் வூட்டுக்கா?"

"சொல்லிட்டு வரேன்."

"சொல்லி இன்னா ஆவப்போது? நீ சொன்னா தார் கேட்டுக்குமா? மேஸ்திரிக்குத் தெரிஞ்சா உன் வேலதான் போவும். பேஜார வெலைக்கு வாங்காத."

சைக்கிளில் ஏறினேன். மிதித்துக்கொண்டு போனேன்.

வீட்டில் மூன்று பேரும் இருந்தார்கள். நூர் பீவி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அன்றைக்கு டியூப் இழுத்ததில் புண்ணாகிக் காய்ச்சல் கண்டு, டாக்டரை வீட்டுக்கே கூட்டிவந்து ஊசி போட்டதாக அயூப் பாய் சொன்னார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக அவள் சம்மதிக்கவில்லை. நாற்காலி மூலையில் இருந்தது. சக்கரமெல்லாம் தாரும் ஜல்லியும் அப்பி, யானைக்கால் மாதிரி வீங்கியிருந்தது.

நான் உட்காரவில்லை.

"பாய், அது ஆறாது."

"இன்னாப்பா சொல்ற?"

"பாதில மால் செத்துடுச்சு. நான் டீசல ஊத்தி எழுப்புனேன். எத்தினி பவுடர் போட்டாலும் வெயில் வந்தா எளகும். பேத்து எடுத்துட்டுத்தான் வேற போடணும். பாயம்மா கேட்டாங்க, இன்னா நெடின்னு. ரோலருக்குன்னு பொய் சொன்னேன்."

அயூப் பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாஜித் எழுந்து வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவன் என் முகத்துக்கு நேரே வந்து நின்றுவிட்டு, "அந்த ஸ்பீடு பிரேக்கர்ல நான் மெதுவா போயிருந்தா இது எதுவுமே இல்லண்ணா," என்றான். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

"நானே பேத்துடறேன் தம்பி. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள. கடப்பாற கொண்ணாந்துகிறேன்."

"வேணாம்," என்றாள் நூர் பீவி.

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். எல்லாரும் திரும்பினோம்.

"பேத்தா மறுபடி குழி. அத்தோட வுடு."

"அம்மா, சிமெண்டு போட்டுக்கலாம்மா. அடுத்த மாசம் நானே போடறேன்."

"போட்டு?"

"போட்டு இன்னா, நீ ரோட்டுக்குப் போலாம். செல்லம்மா ஆன்ட்டி தெனம் கேக்குறாங்க."

"போனேனே. எல்லாம் பாத்துட்டேன். எல்லாரும் என்னப் பாத்துட்டாங்க."

"அத யாரும் நெனச்சுகினு இருக்க மாட்டாங்க புள்ள," என்றார் அயூப் பாய்.

"நான் நெனச்சுகினு கீறேனே."

அவள் கையை ஊன்றி மெல்லத் திரும்பி நாற்காலியைப் பார்த்தாள்.

"வாஜித்து. அந்தச் சக்கரத்தக் கயட்டிடு."

"இன்னாம்மா?"

"சக்கரத்தக் கயட்டு. சக்கரம் இருந்தாத்தான எங்க போலாம், எப்ப போலாம்னு கேக்கறீங்க. எனக்குச் சோறு துன்ன, தொழுவ, உக்கார ஒரு சேரு போதும்."

"முடியாதும்மா."

"அப்ப இந்தத் தம்பி கயட்டட்டும். ஆபேலுதான உன் பேரு? கயட்டுப்பா."

"நீ தொடாதண்ணா," என்றான் வாஜித். அப்பாவைப் பார்த்தான். அயூப் பாய் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாஜித் உள்ளே போய் ஸ்பேனர் பெட்டியைக் கொண்டுவந்தான்.

நாற்காலியைக் கவிழ்த்தோம். நட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்குத் தார் மூடியிருந்தது. அவன் ஒரு பழைய பிளேடால் சுரண்டிச் சுரண்டி எடுத்தான். நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன். அவன் செய்த வெல்டிங்கு ஒவ்வொன்றையும் அரம் போட்டு வழவழப்பாக்கியிருந்தான், அம்மா புடவை மாட்டக்கூடாதென்று. முதல் நட்டு சுற்றியது. சக்கரம் கழன்று ஒரு பக்கம் உருண்டு கட்டில் காலில் முட்டி நின்றது. இரண்டாவது. பிறகு சின்னது இரண்டும். நாலு குழாய்க் காலையும் ஒரே உயரத்துக்கு ரம்பம் போட்டு அறுத்து, முனைக்கு ரப்பர் செருகினான். கண்ணைத் துடைத்ததில் அவன் முகத்தில் தார் அப்பியிருந்தது.

நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். யாரும் கை கொடுக்கவில்லை. அவளே கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, அதில் இறங்கி உட்கார்ந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கைப்பிடி இரண்டையும் பிடித்து, முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் உடம்பை ஆட்டிப் பார்த்தாள்.

"நல்லா நிக்குது," என்றாள்.